தேற்றாங்கொட்டை: கலங்கல் நீரைத் தெளிவித்த ஒரு வழக்கத்தின் வரலாறு

தமிழகத்தின் வறண்ட நிலப்பகுதிகளில், குறிப்பாக இன்றைய ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில், குடிநீர் என்பது நெடுங்காலமாகத் தேங்கிய மழைநீராகவே இருந்து வந்துள்ளது. கிணறு வெட்டினால் பல இடங்களில் உவர்நீரே கிடைத்தமையால், குடிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஊருணிகளில் மழைநீரைச் சேர்த்து, கால்நடை இறங்காமலும் துணி துவைக்கப்படாமலும் காத்து, அடுத்த மழை வரும்வரை அதையே ஊர் மக்கள் முகந்து குடித்தனர். அந்த நீருக்குச் சுவை உண்டு. ஆனால் தெளிவு கிடையாது. செம்மண்ணிலும் களிமண்ணிலும் ஓடிவந்து சேரும் புதுநீர், நாள்கணக்கில் அசையாமல் கிடந்தாலும் கலங்கல் மாறாமலே நிற்கும். அந்தக் கலங்கலை ஒரு குடத்தின் அளவில், ஒரு வீட்டின் அளவில் நீக்குவதற்குத் தென்னாட்டு மக்கள் கைக்கொண்ட முறை, தேற்றா மரத்தின் விதையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைப்பதாகும். மிகப் பழையதாகவும் மிக எளியதாகவும் உள்ள இந்த வழக்கம், நீருக்குள் மிதக்கும் நுண்துகள்களை நீளமான மூலக்கூறுகளால் பூசி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் செயல் என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே விளங்கியது. விதை தெளிவிக்கும் என்ற செய்தியை நூல்கள் வழிவழியாகச் சொல்லிவந்தன. எவ்வளவு உரைக்க வேண்டும் என்பதை மட்டும் குடம் சுமந்தவர்களின் கைகளே அறிந்திருந்தன. இந்த வழக்கத்தின் வரலாற்றில் நூல்களைவிடக் கைகளுக்கே மிகுந்த இடம் உண்டு.

தேற்றா, எட்டி மரத்தின் மிக நெருங்கிய உறவினம். தாவரவியலார் இரண்டையும் ஸ்ட்ரிக்னோஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைத்துள்ளனர். எட்டி விதையின் கொடிய நஞ்சு ஊரறிந்தது. தேற்றா விதையோ அந்த நஞ்சின்றி, தலைமுறை தலைமுறையாகக் குடிநீரில் கரைக்கப்பட்டும் மருந்தாக உண்ணப்பட்டும் வந்துள்ளது. இளைய லின்னேயஸ் இம்மரத்துக்கு இட்ட ஸ்ட்ரிக்னோஸ் பொட்டட்டோரம் என்னும் பெயரிலேயே குடிப்போர் இடம்பெற்றிருப்பதால், விதையின் பயன் ஐரோப்பாவுக்கு முன்னமே எட்டியிருந்தது தெரிகிறது. கிழக்கு மலைத்தொடரின் இலையுதிர் காடுகளிலும் தென்னிந்தியாவின் வறண்ட சமவெளிகளிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் இது இயல்பாக வளர்கிறது. பழுத்தால் கறுக்கும் இதன் சிறு கனிக்குள் ஒரே ஒரு விதை இருக்கும். பொத்தானைப் போல் தட்டையாகவும் வட்டமாகவும், மெல்லிய பட்டுமயிர் போர்த்தியும் உள்ள அவ்விதை, காய்ந்தபின் கத்திக்கும் எளிதில் இடங்கொடாத அளவுக்குக் கெட்டியானது. தெலுங்கில் சில்ல கிஞ்சலு, இந்தியில் நிர்மலி, சிங்களத்தில் இங்கினி, வடமொழியில் கதகம் எனப் பல பெயர்களில் வழங்கும் இதனைப் பழந்தமிழ் இல்லம் என்று அழைத்தது. பேச்சுத்தமிழ் தேத்தாங்கொட்டை என்கிறது. திருவாரூர் மாவட்டத்துத் திருக்குவளைக் கோயிலின் தலமரமும் தேற்றாவே.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். மெருகிடாத மண்குடம் ஒன்றை எடுத்து, அதன் உட்சுவரை நீரால் நனைத்து, ஒரு விதையை விரல்களிடையே அழுத்திப் பிடித்துச் சுவரின்மேல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். சுட்ட மண்ணின் சொரசொரப்பு, கெட்டியான விதையை அரைக்கும் கல்லாகப் பயன்படுகிறது. ஓரிரு நிமிடத்தில் வெண்மையான, வழுவழுப்பான மெல்லிய குழம்பு சுவரில் படிகிறது. உடனே நீரை வேகமாக ஊற்றினால், விழும் நீரின் சுழற்சியில் அந்தக் குழம்பு நீர் முழுவதும் பரவுகிறது. கையாலோ அகப்பையாலோ சிறிது நேரம் மெல்லக் கலக்கிவிடுவதும் உண்டு. அதன்பின் குடத்தை அசைக்காமல் வைத்தால், முதலில் நீருக்குள் பஞ்சுத்துணுக்குகள் போன்ற திரள்கள் தோன்றி, அவை மெல்லப் பருத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடியில் இறங்கும். மேலே நிற்கும் தெளிநீரை அடிவண்டல் கலங்காதபடி சாய்த்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்வர். இன்றைய நீர்த்தூய்மிப்பு நிலையங்களில் மருந்தை விரைந்து கலத்தல், மெல்லக் கிளறித் துகள்களைத் திரளச் செய்தல், அசையா நீரில் படியவிடுதல் என மூன்று தனித் தொட்டிகளில் நடக்கும் பணிகள் இங்கு ஒரே குடத்துக்குள் வரிசை மாறாமல் நிகழ்வதைப் பொறியாளர்கள் கவனிக்காமல் போவதற்கில்லை.

இந்த வழக்கத்துக்குத் தமிழில் உள்ள சான்று சங்கத் தொகைநூல்களிலேயே கிடைக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாடல், கார்காலம் வந்ததை உணர்த்தும் முல்லை, கொன்றை ஆகியவற்றோடு இல்லத்தையும் சேர்த்துச் சொல்வதால், மரம் முல்லை நிலத்தாருக்கு நன்கு பழகியது என்பது உறுதியாகிறது. அதைவிட முக்கியமானது கலித்தொகையின் 142ஆம் பாடல். பிரிவால் நிலைகலங்கிப் புலம்பிய ஒரு பெண், காதலன் வந்து சேர்ந்ததும் தெளிவு பெற்றதை, இல்லத்தின் விதையைக் கொண்டு தெளிவித்த கலங்கல் நீருக்கு அப்பாடல் ஒப்பிடுகிறது. உவமை என்பது கேட்போர் ஏற்கெனவே அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்குவது. எனவே அப்பாடல் பாடப்பட்ட காலத்தில் இல்லத்து விதையால் நீர் தெளிவித்தல் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு வீட்டு வழக்கமாக இருந்திருக்க வேண்டும். விதை, நீர், கலம் ஆகிய மூன்றும் அந்த உவமையில் ஒருங்கே இடம்பெறுவதால், உரைக்கும் முறையும் அப்போதே நிலைபெற்றிருந்தது என்று கொள்வதில் பிழையில்லை.

வடமொழி நூல்களில் கதகம் மருத்துவமாகவும் தத்துவமாகவும் வருகிறது. சுசுருத சங்கிதை கலங்கிய நீரைத் தெளிவிக்கும் ஏழு பொருள்களைப் பட்டியலிடும்போது கதகத்தை முதலில் வைத்து, தாமரைக் கிழங்கு, பாசியின் வேர், துணி, முத்து முதலியவற்றை அதனோடு சேர்க்கிறது. துணி வடிகட்டுவதற்கானது என்பது வெளிப்படை. முத்தும் மணியும் நீரைத் தெளிவிக்கும் என்பதை ஏற்பது கடினம். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் நிலத்தடி நீரைக் கண்டறிவது பற்றிய பகுதியின் இறுதியில், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், நெல்லி முதலியவற்றின் பொடியோடு கதகத்தைச் சேர்த்துக் கிணற்றில் இட்டால் கலங்கலும் கசப்புமான நீர் தெளிந்து சுவைபெறும் என்கிறார். இது குடத்தை விட்டுக் கிணற்றின் அளவுக்கு வழக்கம் விரிந்ததைக் காட்டும் குறிப்பு. மனுஸ்மிருதி, கதகத்தின் பெயரை உச்சரிப்பதால் மட்டும் நீர் தெளிந்துவிடாது என்று துறவிகளின் புறச்சின்னங்களைப் பற்றிய இடத்தில் நினைவூட்டுகிறது. சங்கரர் பெயரில் வழங்கும் ஆத்மபோதம், கதகப் பொடி நீரின் அழுக்கை நீக்கித் தானும் மறைந்துபோவதைப் போல ஞானம் அறியாமையை நீக்கித் தானும் ஒடுங்குகிறது என்று சொல்கிறது. அழுக்கோடு சேர்ந்து விதைப்பொருளும் அடியில் இறங்கிவிடுகிறது என்ற கவனிப்பு, வேதியியல் நோக்கில் வியக்கத்தக்க அளவுக்குச் சரியானது. ஆயினும் இந்நூல்கள் எதுவும் அளவைப் பற்றி வாய்திறப்பதில்லை; தத்துவ ஆசிரியருக்கு உவமை போதுமானதாக இருந்தது, குடத்தைத் தேய்த்தவரிடம் எவரும் கேட்டு எழுதவில்லை.

கேட்டு எழுதிய முதற்சிலருள் வில்லியம் ராக்ஸ்பர்க் குறிப்பிடத்தக்கவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து, கோதாவரிப் பகுதியிலுள்ள சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் தங்கித் தாவரங்களை ஆய்ந்து, 1793இல் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்குச் சென்ற இந்த ஸ்காட்லாந்துக்காரர், 1795 முதல் வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் பெருநூலில் தேற்றாவை வரைபடத்தோடு விளக்கியுள்ளார். விதைகள் எல்லாச் சந்தைகளிலும் விற்கப்படுவதையும், மெருகிடாத மண்பாத்திரத்தின் உட்புறத்தில் ஒரு விதையை ஓரிரு நிமிடம் அழுத்தித் தேய்த்தபின் நீரூற்றுவதையும், சிறிது நேரத்தில் அழுக்கு அடியில் இறங்கிவிடுவதையும் அவர் பதிவுசெய்கிறார். போர்க்காலத்தில் முன்யோசனையுள்ள கம்பெனி அதிகாரிகளும் சிப்பாய்களும் இவ்விதைகளைக் கையோடு கொண்டு சென்றனர் என்ற அவர் குறிப்பு, மைசூர்ப் போர்களின் காலத்துத் தென்னிந்தியாவை எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். பல்லாயிரம் ஆட்களும் காளைகளும் ஒரே குளத்தில் இறங்கிய பின் அங்கு தெளிநீர் எங்கே கிடைக்கும்? படிகாரத்தைவிட இவ்விதை எளிதில் கிடைப்பது, உடலுக்கும் தீங்கு குறைந்தது என்பதும் அவர் முடிவு. ஓரிடத்தில் மட்டும் அவர் சற்றே குழம்புகிறார்: தெளிந்த கிணற்று நீர் அருகிலிருந்தும் மக்கள் கலங்கிய குளத்து நீரையும் ஆற்று நீரையுமே நாடுகின்றனர் என்று அவர் வியப்பது, அந்தக் கரையோரக் கிணறுகளின் உவர்ப்பைக் குடித்துப் பழகியவருக்கு வியப்பாகத் தோன்றாது.

விதையைப் பாத்திரத்தில் உரைத்து நீரைத் தெளிவிப்பது தென்னிந்தியாவுக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கெய்ரோவில் சில ஆண்டுகள் தங்கிய இத்தாலிய மருத்துவர் புரோஸ்பெரோ அல்பினி, எகிப்தியர் நைல் நீரை வைக்கும் பாத்திரத்தில் வாதுமைப் பருப்பைத் தேய்த்துத் தெளிவித்ததை எழுதிவைத்துள்ளார். நைலின் மேற்பகுதியில், சூடானியப் பெண்கள் முருங்கை விதையை இடித்து அதே பணிக்குப் பயன்படுத்தினர். 1970களில் அங்கு பணியாற்றிய ஜெர்மானிய ஆய்வாளர் சாமியா அல் அஸாரியா யான் அவ்வழக்கத்தை ஊர் ஊராகச் சென்று ஆவணப்படுத்திய பின்னரே உலகின் கவனம் அதன்மேல் விழுந்தது. முருங்கை இந்தியாவிலிருந்து போன மரம் என்றபோதிலும், தமிழகத்தில் அதன் காயும் கீரையும் சமையலில் மூழ்கிவிட, நீர் தெளிவிக்கும் இடம் தேற்றாவுக்கே கிட்டியது.

ஏன் தெளிகிறது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டு தந்த விடை பாதிதான் சரியானது. லண்டன் மருந்தியல் அறிஞர் ஜோனதன் பெரேரா, விதையைச் சீவி நீரில் ஊறவைத்தபோது கொழகொழப்பான நீர்மம் கிடைப்பதையும், அதைக் கொதிக்கவைத்தால் ஒரு பகுதி உறைவதையும், பின்னர் புளிக்காடி அமிலம் சேர்த்தால் இன்னொரு பகுதி உறைவதையும் கண்டு, முட்டை வெள்ளையில் உள்ளதைப் போன்ற ஆல்புமினும் பாலில் உள்ளதைப் போன்ற கேசினும் விதையில் இருப்பதாலேயே அது நீரைத் தெளிவிக்கிறது என்று முடிவுசெய்தார். ஒயினையும் பீரையும் தெளிவிக்க முட்டை வெள்ளையையும் மீன்பசையையும் சேர்ப்பது ஐரோப்பியருக்குத் தெரிந்த தொழில்முறை. அதனுள் தேற்றாவையும் அடக்கிவிட்டதால் பெரேராவுக்கு நிறைவு கிடைத்தது. ஆனால் அந்தக் கொழகொழப்பை அவர் உறையாத எச்சமாகவே கருதி விட்டுவிட்டார். வேலையில் பெரும்பங்கு அதற்குரியது.

இதை உணர, கலங்கல் எதனால் நீடிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். களிமண் துகள்கள் இரண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அளவுடையவை; ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள், சாதாரணக் குடத்தின் ஒரு முழத்துக்கும் குறைந்த ஆழத்தைக் கடந்து அடியை அடைய நான்கு நாள் அளவுக்கு ஆகும் என்று இயற்பியல் கணக்குக் காட்டுகிறது. அதன் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கோ ஓராண்டும் போதாது. அதே துகள்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள திரளாகிவிட்டால், அத்திரள் நீரால் ஊறி இளகியிருந்தாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். எனவே நீரைத் தெளிவிப்பதென்பது துகளை அகற்றுவதன்று, துகள்களை ஒட்டவைப்பது. அவை தாமாக ஒட்டாமைக்குக் காரணம், களிமண் தகடுகளின் மேற்பரப்பு எதிர் மின்சுமை கொண்டிருப்பதாகும்; ஒரே வகைச் சுமையுள்ள துகள்கள் நெருங்கும்போது விலகுகின்றன. உப்பின் அயனிகள் இந்த விலக்கத்தை அடக்கும் என்பதையும், அயனியின் சுமை கூடக்கூட அதன் ஆற்றல் பன்மடங்காகப் பெருகும் என்பதையும் ஜெர்மனியின் ஹான்ஸ் ஷுல்சே 1882இலும் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்டி 1900இலும் நிறுவினர். மூன்று நேர்ச்சுமை கொண்ட அலுமினியம் நிறைந்த படிகாரம் இத்துணை வலிமையாகச் செயல்படுவதன் அடிப்படை இதுவே. கூழ்மங்கள் எனப்படும் இத்தகைய நுண்துகள் கலவைகளின் விலக்கத்தையும் ஈர்ப்பையும் ஒரே கணக்கில் இணைத்த கோட்பாடு, ரஷ்யாவின் தெர்யாகின், லாந்தாவ் ஆகியோரால் 1941இலும் நெதர்லாந்தின் வெர்வே, ஓவர்பீக் ஆகியோரால் 1948இலும் தனித்தனியே உருவாக்கப்பட்டது.

ஆனால் தேற்றாங்கொட்டையில் படிகாரம் போன்ற உப்பு எதுவும் கிடையாது. அதன் வேலையை அறிவதற்கு முன், பலபடி என்றும் பாலிமர் என்றும் வழங்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உண்மையில் உள்ளன என்பதை வேதியியலார் ஏற்க வேண்டியிருந்தது. பசை, ரப்பர், மாவுப்பொருள் ஆகியவை சிறு மூலக்கூறுகளின் தளர்ந்த கூட்டங்களே என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், அவை ஆயிரக்கணக்கான அலகுகள் வேதிப்பிணைப்பால் தொடர்ந்த ஒற்றைச் சங்கிலிகள் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் வாதிடத் தொடங்கினார். பத்தாண்டுக்கு மேல் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு அக்கருத்து நிலைபெற்று, 1953இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. இதற்கிடையில், அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனம், நிலத்தின் களிமண்ணைப் பொலபொலப்பான கட்டிகளாக்கும் செயற்கைப் பலபடி ஒன்றைக் கிரிலியம் என்ற பெயரில் 1951இல் அறிவித்தது. அதன் செயலை ஆராய்ந்த ருயர்வைன், வார்டு இருவரும் 1952இல் தந்த விளக்கம் எளிமையானது: ஒரே நீண்ட சங்கிலியின் ஒரு முனை ஒரு துகளிலும் மறுமுனை இன்னொரு துகளிலும் படிந்து இரண்டையும் பாலம்போல் பிணைக்கிறது. துகளும் சங்கிலியும் ஒரே வகை மின்சுமை கொண்டிருந்தாலும், ஹைட்ரஜன் பிணைப்பாலும் நீரில் கரைந்த சுண்ணாம்பு அயனிகளின் இடைநிலையாலும் இந்தப் பிணைப்பு நடக்கக்கூடும். கடின நீரில் இது கூடுதலாகச் செயல்படுவதும் இதனாலேயே.

இந்த விளக்கத்தோடு ஒரு வியப்பும் வந்தது. துகளின் மேற்பரப்பு முழுவதையும் பலபடி மூடிவிட்டால், அடுத்த துகளின் சங்கிலி வந்து பற்றுவதற்கு வெற்றிடம் எதுவும் மிஞ்சாது. பூசப்பட்ட துகள்கள் அப்போது முன்னிலும் வலுவாக ஒன்றையொன்று விலக்கும். அமெரிக்காவில் விக்டர் லா மெர், தாமஸ் ஹீலி இருவரும் 1963இல் வகுத்த கோட்பாட்டின்படி, மேற்பரப்பில் ஏறத்தாழப் பாதி மூடப்பட்டுப் பாதி வெறுமையாக இருக்கும்போதே திரளல் உச்சம் பெறுகிறது. இதன் மறுபக்கத்தை மனிதர் மிகப் பழைய காலத்திலேயே பயன்படுத்தினர். விளக்குக்கரியைக் குழைத்து மை செய்த எகிப்தியரும் சீனரும், கரித்துகள் அடியில் தங்காதிருக்க வேலம்பிசினையோ விலங்குப் பசையையோ தாராளமாகச் சேர்த்தனர். அங்கே பலபடிப் பூச்சு துகள்களைப் பிரித்து வைக்கிறது. 1857இல் நுண்ணிய தங்கத் துகள்களால் செந்நிற நீர் செய்த மைக்கேல் பாரடே, உப்பு இட்டால் அது நீலமாகத் திரிவதையும், சிறிது ஜெல்லி சேர்த்திருந்தால் திரியாமல் காக்கப்படுவதையும் கண்டார். ஆக, மை செய்பவருக்கும் நீர் தெளிவிப்பவருக்கும் வேண்டிய பொருள் ஒரே இனத்தைச் சேர்ந்தது. இருவரையும் வேறாக்குவது அளவு.

குடத்தை உரைத்த முறையின் நுட்பம் இங்கேதான் தெரிகிறது. விதையைப் பொடித்து ஒரு கரண்டி இட்டிருந்தால் கலங்கல் தெளிவதற்கு மாறாக நிலைத்துவிடவும் கூடும். மேலும் விதைப்பொருளே நீரைக் குழப்பும். கெட்டியான விதையை ஈரமான சுவரில் ஒரு சில சுற்று தேய்க்கும்போது கழன்று வரும் பொருள், ஒரு குடம் நீரின் அளவுக்குத் தானாகவே மிகச் சொற்பமாக அமைந்துவிடுகிறது. தேய்ப்பவரின் கைவலிமை, விதையின் கெட்டித்தன்மை, குடத்தின் சொரசொரப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, தராசோ அளவுக்கரண்டியோ இல்லாமல் மில்லிகிராம் கணக்கிலான மருந்தை அளந்து தருகின்றன. கலங்கல் மிகுந்த புதுவெள்ளத்துக்குக் கூடுதலாகவும், பழகிய குளத்து நீருக்குக் குறைவாகவும் தேய்ப்பது அனுபவத்தின் வேலை. வழவழப்பான செம்புப் பாத்திரத்திலும் பித்தளையிலும் இதே வேலையைச் செய்ய இயலாது. அங்கே விதையைத் தனியே ஒரு கல்லில் சந்தனம்போல் இழைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

விதையின் உட்பொருளை வேதியியல் முறையில் பகுத்துக் காண்பதற்கு மேலும் காலம் பிடித்தது. 1976இல் இந்தியச் சுற்றுச்சூழல் ஆய்விதழில் வெளிவந்த திரிபாதி, சௌதுரி, போகில் ஆகியோரின் ஆய்வு, நிர்மலி விதையை இயற்கைத் திரளூக்கியாக ஆய்வுக்கூட அளவில் மதிப்பிட்டது. அதன் சாறு எதிர்ச்சுமை கொண்ட பலபடி மின்பகுளியாக, அதாவது நீரில் கரைந்து மின்சுமை தாங்கும் நெடுஞ்சங்கிலியாகச் செயல்படுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளின் வழியே நிலைபெற்றது. 1990களின் நடுவில் இத்தாலியில் அடினோல்பி முதலியோர் விதையிலிருந்து காலக்டோமன்னான், காலக்டான் என்னும் இரு சர்க்கரைச் சங்கிலிகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் கலவை மட்டுமே கயோலின் என்னும் வெண்களிமண்ணால் கலக்கிய நீரின் கலங்கலை 80 விழுக்காடு வரை குறைக்க வல்லது என்று காட்டினர். கொத்தவரை இனத்துக் குவார் பிசினில் உள்ளதும் காலக்டோமன்னானே. பெரேரா ஒதுக்கிவைத்த கொழகொழப்பு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு தன் இடத்தைப் பெற்றது.

இதற்கிடையில் வழக்கமே தேய்ந்துவிட்டிருந்தது. சென்னை நகருக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து 1872 முதல் நீர் கொண்டுவரப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் 1914இல் செயல்படத் தொடங்கின. குழாய்நீர் சென்ற இடமெல்லாம் கலங்கல் அரசின் பொறுப்பாகியது, விதை வீட்டைவிட்டு வெளியேறியது. இதைவிட ஆழமான மாற்றம் அறிவில் நிகழ்ந்தது. 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் குளத்து நீரில் காலரா நுண்ணுயிரைக் கண்டறிந்த பிறகு, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதே தூய நீர் என்ற பழைய அளவுகோல் செல்லாததாகிவிட்டது. தேற்றா விதை மண்துகளோடு ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பகுதியையும் அடியில் இறக்கிவிடுகிறது என்பது உண்மை. எஞ்சியவற்றை அது கொல்வதில்லை என்பதும் உண்மை. அதோடு, விதையிலிருந்து கரைந்த சர்க்கரைப்பொருள் சிறிதளவு நீரில் தங்கிவிடுவதால், நாள்கணக்கில் வைத்திருந்தால் அந்த நீர் மணம் மாறும். உயிர்மங்கள் வளர்வதற்கும் அது உணவாகும். அன்றன்று தெளிவித்து அன்றன்றே குடிக்கும் வழக்கத்தில் இக்குறை வெளிப்படாமல் இருந்திருக்க வேண்டும்.

நகராட்சிகளின் தூய்மிப்பு நிலையங்களில் விதையின் இடத்துக்குப் படிகாரமும், அதற்குத் துணையாக 1950களிலிருந்து பாலிஅக்ரிலமைடு முதலிய செயற்கைப் பலபடிகளும் வந்துசேர்ந்தன. தேற்றாவைப் போலவே சங்கிலிப் பாலத்தால் திரட்டும் இவை, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவிலேயே வேலை செய்பவை. ஆனால் பாலிஅக்ரிலமைடில் இணையாது எஞ்சும் அக்ரிலமைடு நரம்புக்குத் தீங்கானது. குடிநீரில் அது லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக நலவாழ்வு அமைப்பு வரம்பிட்டுள்ளது. இயற்கை விதைகள்மேல் ஆய்வாளர் கவனம் மீண்டும் திரும்பியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

ஆய்வுக்கூடங்களில், பலபடியால் ஒட்டவைக்கும் அதே கொள்கை முற்றிலும் வேறொரு திசையில் வளர்ந்துள்ளது. 1991 முதல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கெரோ டெக்கர், ஒரு பரப்பை நேர்ச்சுமைப் பலபடியிலும் எதிர்ச்சுமைப் பலபடியிலும் மாறிமாறி அமிழ்த்தி, ஒவ்வொரு முறையும் தூய நீரில் அலசி, சில நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டும் முறையை வகுத்தார். இங்கு அளவைக் காப்பது கையன்று, மிகுதியை நீக்கும் அலசலே. ஜப்பானின் ஒசாகாப் பல்கலைக்கழகத்தில் அக்கிரா ஹரதா குழுவினர் 2011இல், வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறுகள் பதித்த பலபடிக் கூழ்த்துண்டுகளையும் அவ்வளையத்துக்குள் பொருந்தும் சிறு தொகுதிகள் பதித்த துண்டுகளையும் நீரில் இட்டுக் குலுக்கியபோது, மில்லிமீட்டர் அளவுள்ள அத்துண்டுகள் தமக்குரிய இணையை மட்டுமே தேர்ந்து ஒட்டிக்கொண்டன. கெட்டியான பிளாஸ்டிக் துண்டுகள் இவ்வாறு ஒட்டுவதில்லை. அவற்றின் மேற்பரப்புகள் மூலக்கூறு அளவில் போதிய இடங்களில் தொட்டுக்கொள்ளாததே தடை என்பதால், வளைந்துகொடுக்கும் பலபடிப் பூச்சை இடையில் வைத்து அத்தடையைக் கடக்கும் ஆய்வுகள் பெய்ஜிங்கில் நடந்துள்ளன. களிமண் துகளின்மேல் ஊருணி நீரில் படிந்த சர்க்கரைச் சங்கிலிக்கு இவை நேரடி வழித்தோன்றல்கள் அல்ல. நீளமும் நெகிழ்வும் உள்ள மூலக்கூறு நீருக்குள் இரு திடப்பொருள்களுக்கு இடையே பிடிப்பு உண்டாக்குகிறது என்ற ஒரு செய்தியில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தேற்றாங்கொட்டை இன்று பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடைகளில், உடல் தேற்றும் லேகியத்துக்கும் சித்த மருந்துகளுக்குமான சரக்காகவே விற்கப்படுகிறது; ஊருணி நீரை நம்பும் சில ஊர்களில் குடத்தில் உரைக்கும் பழக்கமும் எஞ்சியுள்ளது. இயற்கைத் திரளூக்கிகளைப் பற்றி ஆராய்வோர் பலரும் இப்போது தேற்றாவைவிட முருங்கையையே நாடுகின்றனர். முருங்கை விதையில் வேலை செய்வது நேர்ச்சுமை கொண்ட சிறு புரதம். அது களிமண்ணின் எதிர்ச்சுமையை நேரடியாக ஈடுசெய்கிறது. ஆனால் அந்தத் தேர்வுக்கு வேதியியலைவிட வேளாண்மையே வலுவான காரணம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதைத்த ஓராண்டுக்குள் காய்த்துவிடுகிறது. தேற்றாவோ மெல்ல வளரும் காட்டுமரம், ஒரு கனிக்கு ஒரு விதை தருவது, தோப்பாக எவரும் வளர்க்காதது. மூலிகை வணிகத்துக்கே காடுகளிலிருந்து பொறுக்கி வரும் விதைகளை நம்பியிருக்கும் நிலையில், ஒரு பேரூராட்சியின் நீர்த்தொட்டிக்கு வேண்டிய அளவு விதையை ஆண்டுதோறும் திரட்ட இன்றைக்கு வழியில்லை.